கடைமடையில் தொடங்கும் பாடம்

சூழலோடு இயைந்த குடியிருப்பை வடிவமைப்பதும் அதில் வாழ்வதும் முறையாகக் கற்கத்தக்க ஒரு துறை என்னும் எண்ணத்துக்கு உலக அளவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் வெளியிட்ட நூல், நிலம், நீர், மரம், கால்நடை, வீடு ஆகிய அனைத்தையும் ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும்படி அமைக்கும் ‘பெர்மாகல்ச்சர்’ என்ற முறையைப் பரப்பியது. ‘சூழல் கிராமம்’ எனப்படும் குடியிருப்புகள் 1990களில் தமக்குள் ஒரு வலைப்பின்னலை உருவாக்கிக்கொண்டன. 2005இல் கயா எஜுகேஷன் என்ற அமைப்பு, சமூகம், பொருளியல், சூழலியல், உலகப் பார்வை என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தது. தமிழகம் இத்துறைக்குப் புதியதன்று. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில், அரிப்புக்குள்ளான செம்மண் மேட்டைக் காடாக்கிக் காட்டியது; நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் அருகே உருவாக்கிய வானகம், அவர் 2013இல் மறைந்த பின்னும் இளைஞர்களுக்கு இயற்கை வேளாண்மையையும் எளிய வாழ்வையும் பயிற்றுவித்து வருகிறது.

இப்பாடத்திட்டங்களில் பலவற்றுக்கு அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. முதலாவது, வடிவமைப்பவர் முன் ஏறக்குறைய வெற்று நிலம் ஒன்று கிடக்கிறது என்பது. இரண்டாவது, அங்கே வாழப்போகிறவர்கள் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்துகொண்டவர்கள் என்பது. இந்த இரண்டுமே கொங்கு நாட்டின் நடுப்பகுதியில் பொருந்துவதில்லை. இங்கே ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு பழைய பெயரும், ஒரு வாய்க்கால் முறையும், ஒரு வழித்தடத் தகராறும் உண்டு. அண்டை வீட்டாரையும் மேல்மடைக்காரரையும் எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆகவே சூழல் சமூகம் என்பதை இம்மண்ணில் கற்க விரும்புவோர், மேலைப் பாடநூல்களை மூடிவைக்க வேண்டியதில்லை என்றாலும், வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது: ஓர் ஏற்பாட்டின் கடைசி முனையில் இருப்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே அது. அக்கேள்வியைப் பயில்வதற்குச் சென்னிமலை வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை வட்டத்தில், முருகன் கோயில் கொண்ட குன்றின் அடியில் அமைந்த இவ்வூர் வெளியுலகுக்குப் போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர் பெற்றது. திருப்பூர் குமரன் 1904இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்ததும் இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். வடக்கிலும் கிழக்கிலும் கீழ்பவானி வாய்க்காலின் பாசனம், தெற்கே நொய்யல் ஆறு, இரண்டுக்கும் எட்டாத இடங்களில் மானாவாரிக் காடு என மூன்று வகை நிலங்கள் சில மைல் தூரத்துக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ‘வலசு’, ‘பாளையம்’ என முடியும் சிற்றூர்கள் ஒருபுறமிருக்க, உழவர் குடும்பங்கள் பல அவரவர் தோட்டத்திலேயே சாளை கட்டித் தனித்தனியே வாழ்கின்றன. நடுவில் பொதுக்கூடம், சுற்றிலும் வீடுகள் என்ற சூழல் கிராம வரைபடத்தை இங்கே விரித்தால் அது எந்த ஊரின் மீதும் சரியாகப் பொருந்தாது.

இந்நிலத்தின் மிக நுட்பமான வடிவமைப்பு எதுவென்றால், சென்னிமலைக்குத் தெற்கே காங்கயம் வரையிலும் அதற்கு அப்பாலும் பரவிக்கிடக்கும் கொறங்காட்டைத்தான் சொல்ல வேண்டும். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனியார் புன்செய் நிலம். ஒவ்வொன்றும் சில ஏக்கர் பரப்புள்ளதாய், நாற்புறமும் உயிர்வேலி சூழ்ந்ததாய் இருக்கும். வேலிக்கு முட்கிளுவை. மழைக்கு முன் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் அவை வேர்பிடித்து, கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, சில ஆண்டுகளில் ஆடும் நுழையாத மதிலாகிவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கம்பி வாங்க வேண்டியதில்லை, வயதாக ஆக வலுவும் கூடும். உள்ளே தரையில் கொழுக்கட்டைப்புல், அதனிடையே நரிப்பயறு போன்ற பயற்றினக் கொடிகள், மேலே இடைவெளிவிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள். மழைக்காலத்தில் புல்லும், அது காய்ந்த பின் நின்ற நிலையிலேயே உலர்ந்த தீவனமும், சித்திரை வெயிலில் வேறு எதுவுமே இல்லாதபோது வெள்வேலங்காயும் என ஆண்டின் பெரும்பகுதிக்கு மந்தைக்குத் தீனி கிடைக்கும்படி இந்த மூன்று அடுக்குகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

வேலிக்குள் விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பவர் கூடவே நிற்கத் தேவையில்லை என்பதால் ஆட்செலவு குறைகிறது. ஒரு காட்டில் புல் குறையும்போது மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றுவதால் முதற்காட்டுப் புல் தழைக்க அவகாசம் கிடைக்கிறது. சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே உரமாகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விடும் வழக்கமும் உண்டு. பெர்மாகல்ச்சர் வகுப்பில் ‘சுழற்சி மேய்ச்சல்’, ‘பல்லடுக்குப் பயிர்’, ‘உயிர்வேலி’ என்று தனித்தனி அலகுகளாகக் கற்பிக்கப்படுபவை இங்கே ஒரே நிலத்தில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. காங்கயம் மாடு என்ற இனமே இந்தப் புல்லின் விளைவு எனலாம். குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்க முனைவதற்குக் காரணம் இதுதான். காட்டைவிட்டு மாட்டை மட்டும் கொட்டிலில் காப்பாற்றுவது கண்காட்சிக்கு உதவலாம், அதற்குமேல் இல்லை.

ஆயினும் கொறங்காட்டைப் பொற்காலச் சின்னமாக எழுதுவது நேர்மையாகாது. அது பொதுநிலமன்று; பட்டாதாரரின் சொத்து. நிலமற்றோர் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்க்கலாமே தவிர உரிமை கொண்டாட முடியாது. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்துக்குத் தோலால் சால் தைத்துக் கொடுத்த அருந்ததியர்கள் இந்த வேளாண்மையின் முதன்மையான தொழில்நுட்பர்களாக இருந்தும், நிலத்தில் பங்கின்றிப் பண்ணையாட்களாகவே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களது வளவு ஊருக்கு வெளியேதான் இருந்தது. மண்ணையும் மாட்டையும் இவ்வளவு கூர்மையாகப் புரிந்துகொண்ட ஓர் அமைப்பு, அதே கூர்மையோடு மனிதர்களைப் பிரித்தும் வைத்தது என்பதை மறைத்துவிட்டு ‘மரபு அறிவு’ என்று பேசினால், அது பாதிப் பாடமாகக்கூட ஆகாது. சூழல் கிராமம் பற்றி ஆர்வத்தோடு பேசும் தமிழ் எழுத்துகள் பலவும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

சேர்ந்து வாழ்வது எப்படி என்பதற்கு இப்பகுதியின் பழைய பள்ளிக்கூடம் பங்குக் கிணறு. பாறையை உடைத்துக் கிணறு வெட்டும் செலவு ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இருந்ததில்லை. வெட்டிய கிணறும் தலைமுறைதோறும் பாகம் பிரியும். ஆகவே ஒரு கிணற்றுக்கு நான்கு பேரோ எட்டுப் பேரோ பங்காளிகளாக இருப்பார்கள். இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறை வைத்திருப்பார்கள். ஊற்று வற்றும் கோடையில் நாள் கணக்கு வேளைக் கணக்காகச் சுருங்கும். தூர்வாரும் செலவு பங்குக்குத் தக்கபடி. ஒருவர் கரும்பு நட்டால் மற்றவர் முறைக்குக் கேடு வருமா என்ற பேச்சு நடவுக்கு முன்பே நடக்கும். சண்டை இல்லாமல் இருந்ததில்லை. முறை மாறி ஏற்றம் பூட்டியதற்காக வருடக்கணக்கில் பேசாமலிருந்த பங்காளிகளும் மறுநாள் முறையைப் பிசகாமல் விட்டுக்கொடுத்தார்கள் என்பதில்தான் அந்த அமைப்பின் வலிமை இருந்தது. ஒருமித்த கருத்தை அது எதிர்பார்க்கவேயில்லை. ஆழ்துளைக் கிணறு வந்தபோது இந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவரவர் நிலத்தில் அவரவர் துளை, அதற்கு இலவச மின்சாரம் என்றான பின், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எத்தனை அடிக்கு இறக்கினார் என்பது மட்டுமே அறிய வேண்டிய செய்தியாகச் சுருங்கியது.

இதே பங்கீட்டை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது கீழ்பவானித் திட்டம். 1948இல் தொடங்கி 1955இல் நிறைவடைந்த பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் இந்த வாய்க்கால் 2.07 இலட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அவ்வளவு நிலத்துக்கும் ஆண்டு முழுதும் நீர் இல்லை என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்திருந்ததால், மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரண்டாகப் பிரிக்கப்பட்டன: ஓர் ஆண்டில் ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர் கிடைத்தால், மறு பாதிக்கு அதன்பின் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்குக் கிடைக்கும், அடுத்த ஆண்டு இது தலைகீழாகும். எவருக்கும் முழு விருப்பம் நிறைவேறாத, ஆனால் எவரும் முற்றாகக் கைவிடப்படாத ஏற்பாடு இது. வாய்க்கால் மண் வாய்க்காலாகவே வெட்டப்பட்டது. நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து செல்லும் அதிலிருந்து ஊறும் கசிவுநீர், கீழ்ப்புறத்துக் கிணறுகளிலும் ஓடைகளிலும் குளங்களிலும் தலைகாட்டும். ஆயக்கட்டில் பெயரே இல்லாத தோட்டங்களும் அதனால் பிழைத்தன. ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் இடையே உள்ள வெள்ளோட்டின் பெரிய குளம் மழையோடு இந்தக் கசிவையும் நம்பியிருக்கிறது. 77 ஹெக்டேர் பரப்புள்ள அக்குளம் பறவைகள் சரணாலயமாகி, 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலகளவில் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டத்தைவிடப் பழக்கமே அங்கே காவல்.

அந்த வாய்க்காலைச் சுமார் 710 கோடி ரூபாயில் நவீனப்படுத்தி, கான்கிரீட் இடும் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டபோது ஆயக்கட்டே இரண்டுபட்டது. கசிவினால் வாழும் விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடினர். கசிவினால்தான் தங்களுக்குத் தண்ணீர் வந்துசேர்வதில்லை என்று கடைமடையினர் பலர் அதை வரவேற்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பொறியியல் கணக்கில் கசிவு என்பது இழப்பு. கிணற்றுக்காரரின் கணக்கில் அது வரவு. கடைமடைக்காரரின் கணக்கில் அது தன் பங்கிலிருந்து போன திருட்டு. மூன்றுமே உண்மையான கணக்குகள். சூழல் ஆர்வலர் ஒருவர் பறவைகளின் பக்கம் நின்று கான்கிரீட்டைக் கண்டிப்பது எளிது. கடைமடையிலுள்ள முத்தூர்ப் பக்கம் தண்ணீர் வராத மதகின் முன் நின்று அதையே சொல்வது எளிதன்று. வடிவமைப்புக் கல்வி என்று ஒன்று இருக்குமானால் அது இந்த இரண்டாவது இடத்தில் நின்றுதான் பேசப் பழக வேண்டும்.

கடைசி முனையில் இருப்பவரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னிமலையிலிருந்து சிறிது தொலைவிலேயே நொய்யலின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணை, அதே காலத்தில் மேலே திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியதால், சில ஆண்டுகளுக்குள்ளேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாகத் தேவை. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை ஓரளவு நீக்கினாலும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. ஆகவே ஆற்றில் வந்தது உப்புநீர், அணை அதைத் தேக்கியது, சுற்றிலுமுள்ள கிணறுகள் உவர்த்தன. பாசனத்துக்கென்று கட்டிய அணையிலிருந்து தண்ணீர் வேண்டாம் என்று அந்தப் பாசன விவசாயிகளே நீதிமன்றம் போக நேர்ந்தது இந்திய நீர்ப்பாசன வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற ‘பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்’ முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் வலியுறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. அதன் பின்னும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடும் உத்தரவு பிறந்தது. அதற்குப் பிறகே சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் பரவலாக நடைமுறைக்கு வந்தன. பிரித்தெடுத்த கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

அணையை வரைந்த பொறியாளர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களது வரைபடத்தில் ஆறு இருந்தது, ஆற்றின் மேற்பகுதியில் நடக்கும் தொழில் இல்லை. திருப்பூரின் தொழில் முனைவோரின் கணக்கில் துணி இருந்தது, கீழே கிணறு வைத்திருப்பவர் இல்லை. இரண்டு சிறந்த திட்டங்கள் ஒரே ஆற்றில் ஒன்றையொன்று அறியாமல் நடந்ததன் விளைவை நிலமற்ற கூலிகளும் சிறு விவசாயிகளுமே முதலில் அனுபவித்தனர். தறி மீது மட்டும் குற்றம் சுமத்துவதும் பொருந்தாது. சென்னிமலையின் கைத்தறி மின்சாரமின்றிக் குழித்தறியில் ஓடுவதால் அதைப் பசுமைத் தொழில் என்று கொண்டாடுவதுண்டு. எனினும் கைத்தறி நூலுக்கும் சாயம் வேண்டும், சாயத்துக்கு உப்பு வேண்டும், அந்த நீரும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

கைத்தறியிடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. 1940களிலிருந்து இவ்வூரில் வேரூன்றிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், நூல் வாங்குவதையும் துணி விற்பதையும் தனி வியாபாரியின் கையிலிருந்து எடுத்து உறுப்பினரின் கையில் வைக்க முயன்றன, எம்.பி. நாச்சிமுத்து போன்ற கூட்டுறவாளர்களின் பெயர் அதனோடு இணைந்தே இன்றும் சொல்லப்படுகிறது. சங்கத்தில் நூல் எடுத்து, வீட்டிலேயே நெய்து, துணியைக் கொடுத்து, கூலியும் போனஸும் பெறும் முறையில், வேலைக்காகக் குடும்பம் ஊரைவிட்டுப் பெயர வேண்டியதில்லை. பாவு ஓட்டத் தெருவே பட்டறையாகிறது. படுக்கை விரிப்பு உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் விசைத்தறி அவற்றை நெய்யாமலில்லை. கூலி தாழ்வாகவே இருப்பதால் இளைய தலைமுறை தறியில் உட்கார மறுக்கிறது. பொருளியல் பகுதியை ‘உள்ளூர் நாணயம்’, ‘பகிர்வுப் பொருளாதாரம்’ என்று தொடங்கும் பாடத்திட்டங்கள், கணக்குப் புத்தகமும் தேர்தலும் கடனும் ஊழல் அபாயமும் கொண்ட இப்படியொரு சங்கத்தின் எண்பதாண்டு அனுபவத்தைத் தம் வகுப்பறைக்குள் அழைத்து வந்தால் பயன் அதிகம்.

ஊராட்சி என்ற அமைப்பையும் இத்துறையினர் ஏனோ கண்டுகொள்வதில்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்துச் சுமார் 1.55 கோடி ரூபாயில் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காத, பல சாதிகளைச் சேர்ந்த, வாக்குச்சீட்டினால் மட்டும் இணைக்கப்பட்ட மக்கள் செய்த காரியம் அது.

கொறங்காடு இப்போது வேகமாகக் குறைந்துவருகிறது. வீட்டுமனைக்கும், ஆலைக்கும், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தென்னைக்கும் போகும் காடுகளோடு, நகரத்திலிருந்து இயற்கை வாழ்வு தேடி வருவோர் வாங்கும் காடுகளும் அண்மையில் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் முதலில் செய்வது கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுவதும், புல்லை உழுதுவிட்டுப் பழமரம் நடுவதும், அந்த மரங்களுக்காகத் துளை போடுவதுமாக இருக்கிறது. மண்வீடு கட்டிச் சூரியத் தகடு பொருத்தினாலும், அங்கே அழிந்தது ஒரு சூழல் சமூகமே. இவ்வட்டாரத்தில் நிலம் வாங்கிச் சூழலோடு இயைந்த குடியிருப்பு அமைக்க எண்ணுவோர் வேலியை நின்றபடி விட்டுவைக்க வேண்டும். புல்லை அக்கம்பக்கத்து ஆட்டுக்காரருக்கே ஆண்டுக் குத்தகைக்குத் தொடர்ந்து விட வேண்டும். துளை போடுமுன் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். வரைபடத்தைக் கிராம சபையில், நிலமில்லாதவர்களும் இருக்கும்போது, விரித்துக்காட்ட வேண்டும். இவை முடியாதென்றால் அந்த நிலத்தை வாங்காமலிருப்பதே சென்னிமலைக்குச் செய்யும் உதவி.